பென்சிலுக்கு விட்ட பக்கம்

போன வாரம் கே.கே. நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ரேஷன் கார்டை லேமினேட் செய்யக் கொடுத்துவிட்டு நின்றேன். மெஷினிலிருந்து சூடான பிளாஸ்டிக் வாடை வந்தது. மற்றவர்களுக்குத் தலைவலி தரும் வாடை. எனக்கோ அது இருபத்து நான்கு வயதின் வாடை. கடைக்காரத் தம்பி கார்டை நீட்டி, "அக்கா, வேற எதுவும் வேணுமா?" என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறான். "இல்ல தம்பி" என்று சொல்வதற்கே எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த வயதிலும் அப்படித்தான்.

அப்போது கப்பலூரில் பாலித்தீன் கவர் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. திருவாதவூரிலிருந்து பஸ் பிடித்து மாட்டுத்தாவணி வந்தால் கம்பெனி வேன் நிற்கும். செல்போன் முதலாளியின் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம் என்றால் உங்களுக்கே வருடம் புரிந்துவிடும். பாலித்தீன் வாடை தலைமுடியில் ஏறிக்கொள்ளும். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருபவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள்.

வேனில் வரும் பெண்கள் சேர்ந்து ஒரு வாரப் பத்திரிகை வாங்கிப் படித்தோம். அதில் வந்த தொடர்கதையில் மேகலா என்று ஒருத்தி. பாங்க்கில் வேலை பார்ப்பாள். மேனேஜரையே நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்பாள். கடைசி வாரத்தில் எழுத்தாளர் அவளை ரயிலில் ஏற்றிவிட்டு, எங்கே போனாள் என்று சொல்லாமலே 'முற்றும்' போட்டுவிட்டார். கவர் வாயைச் சூட்டில் ஒட்டும் சீலிங் மெஷினில் இருந்த செல்வி அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"இம்புட்டு நாளு படிச்சமே, நம்மளக் கிறுக்கச்சிகன்னு நெனச்சுட்டாரா? மேகலாவ ரயில்ல இருந்து நாமளே எறக்குவோம்டி."

மறுநாளே ஒரு நீள நோட்டு வாங்கி வந்தாள். ஆளுக்கு ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப் போய் எழுத வேண்டும். ஒருத்தி மேகலாவை மதுரை ஜங்ஷனில் இறக்கினாள். ஒருத்தி அவளுக்கு இரட்டைக் குழந்தை பிறக்க வைத்தாள்.

நோட்டுக்குச் சட்டம் போட்டவள் விமலா. காமராசர் சாலையில் ஏறுவாள். பேக்கிங் மேசையில் எனக்கு எதிரே நிற்பவள். சௌராஷ்டிரக் குடும்பம். வழியனுப்ப வரும் அம்மாவிடம் அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டே வேனில் கால் வைப்பாள், உள்ளே வந்ததும் எங்கள் தமிழ். அவள் போட்ட சட்டம் இதுதான். கதை வலது பக்கத்தில் பேனாவால் எழுத வேண்டும். இடது பக்கம் காலியாக விட வேண்டும். படித்தவர்கள் தங்களுக்குப் பட்டதை அங்கே பென்சிலால் எழுதி, பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். கதை எழுதியவள் பதில் சொல்லக் கூடாது. ஏற்றுக்கொண்டால் அப்படியே விடலாம், இல்லையென்றால் ரப்பரால் அழித்துவிடலாம். ஏன் அழித்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது.

செல்வி அக்கா எழுதுவது சிரிப்பாக இருக்கும். 'மேகலா பக்கத்துக்குப் பக்கம் அழுகிறாள். கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. செ.' விமலா அப்படி இல்லை. காலையில் எழுந்த மேகலா சாயங்காலம் வரை சாப்பிடவே இல்லையே என்று கேட்பாள். கதையை அவ்வளவு நெருங்கிப் படித்தவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாய்விட்டுப் பேசத் தெரியாத எனக்கு, அந்த இடது பக்கத்தில்தான் ஒரு சிநேகிதி கிடைத்தாள். மேசையில் எதிரெதிரே நின்றுகொண்டு நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. நோட்டில் பேசிக்கொண்டோம்.

என் மூன்றாவது கதையில் மேகலாவை ஒரு வீட்டுக் கூடத்தில் வைத்து எல்லோரும் அவமானப்படுத்துகிறார்கள். அவள் ஒரு வார்த்தை பேசாமல் ஒன்றரைப் பக்கத்துக்கு ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் எழுதியதிலேயே அழகான இடம் அது என்று நினைத்திருந்தேன். விமலா எழுதியிருந்தாள்: 'மேகலா இப்படி நிற்க மாட்டாள். இப்படி நிற்பது நீ. அவளைப் பேச விடு. வி.'

அதற்கு முந்தின வாரம்தான், வேறு யாரோ மாற்றி அடுக்கிய பண்டலுக்காகச் சூப்பர்வைசர் என்னை எல்லோர் முன்னாலும் திட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எதிரே நின்று விமலா அதைப் பார்த்தாள்.

நான் ரப்பரை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. சட்டத்தை மீறி, அவள் எழுதியதற்குக் கீழே பேனாவால் எழுதினேன்: 'வீட்டில் தமிழ் பேசாதவர்கள் எனக்குத் தமிழில் கதை சொல்லித்தர வேண்டாம்.'

மறுநாள் காலை வேனில் நோட்டைப் பிரித்த செல்வி அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏத்தா, பேனாவுலயா எழுதுன?"

பின் சீட்டிலிருந்து விமலா எட்டிப் பார்த்தாள். படித்தாள். "குடுங்கக்கா, இந்த வாரம் என் முறை" என்று நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். 

நோட்டு என்னிடம் திரும்பி வந்ததும், கவர் அறுக்கும் பிளேடால் அந்த வரியைச் சுரண்டினேன். தாள் ஓட்டையாகிவிட்டது. அதன் பின்பக்கத்தில் என் கதைதான், அதில் இரண்டு வரி போயிற்று. அது போகட்டும் என்று அந்தக் கூடத்துக் காட்சியை முதலிலிருந்து மறுபடி எழுதினேன். இந்தத் தடவை மேகலா பேசினாள். நான்கு பக்கம் பேசினாள். மன்னிப்பு என்ற சொல்லை எழுதவில்லையே தவிர, அந்த நான்கு பக்கமும் விமலாவுக்கு எழுதியதுதான்.

இடது பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'நன்றாக இருக்கிறது. வி.'

அதை ரப்பரால் அழித்து நோட்டை மறுபடி அவளிடமே கொடுத்தேன். ஒரு பாராட்டை யாரும் அழித்ததில்லை. பழையபடி குறை எழுது என்று கேட்கிறேன், அது அவளுக்குப் புரியும் என்று நினைத்தேன். புரியாமல் இருந்திருக்காது. நோட்டு திரும்பி வந்தபோது, அழித்த தடத்தின் மேலேயே அதே எழுத்தில் அதே வரி இருந்தது: 'நன்றாக இருக்கிறது. வி.'

மற்றவர்களின் கதைகளுக்கு எப்போதும் போலத்தான் குறை எழுதிக்கொண்டிருந்தாள். மேகலாவின் இரட்டைக் குழந்தைகளுக்கு எப்போது காதுகுத்து என்றுகூடக் கேட்டிருந்தாள். எனக்கு மட்டும் அந்த ஒரு வரி. மேசையில் எதிரே நின்று, "பண்டல இந்தப் பக்கம் தள்ளு" என்பாள், தள்ளுவேன். நேரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தினமும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சேலம். கல்யாணப் பத்திரிகையை எல்லோருக்கும் கொடுத்த மாதிரியே எனக்கும் கொடுத்தாள். மண்டபத்தில் பரிசு கொடுக்கும் வரிசையில் நின்று மேடை ஏறினேன். என்ன சொல்வது என்று வரிசை முழுக்க மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்திருந்தேன். எதிரே போனதும் எப்போதும் போல நின்றுவிட்டேன். அவள்தான் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, என்னைக் காட்டி, தமிழிலேயே சொன்னாள்.

"இவுக எங்க கம்பெனி. நல்லாக் கதை எழுதுவாக."

'இவுக' என்றாள். அதுவரை அவள் என்னை அப்படி மரியாதை வைத்துச் சொன்னதில்லை.

அதன் பிறகு கம்பெனி கைமாறி, வேன் நின்று, ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டோம். நோட்டு கடைசியில் யார் வீட்டில் தங்கியது என்று தெரியவில்லை. நான் இன்றும் எழுதுகிறேன். என்றாவது ஒன்று பத்திரிகையில் வரும். தெரிந்தவர்கள் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். 'இப்படி நிற்பது நீ' என்று சொல்ல, விமலாவுக்குப் பிறகு யாரும் வரவில்லை.