பஸ் நிறுத்தத்தில் அசையாமல் நின்றவள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சினிமா படிக்கும் என் மகள், ஈப்போ பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க்கடை மாடியில் கேமராவை ஓடவிட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். ஒரு பிற்பகலை ஒரு நிமிடமாகச் சுருக்கி, போன வாரம்தான் எனக்குக் காட்டினாள். கார்கள் கோடுகளாக ஓடின. ஆட்கள் புகைபோல் கலைந்தார்கள். கம்பத்தின் நிழல் மெல்லச் சாலையைக் கடந்தது. ஒருத்தி மட்டும் தெளிவாகத் தெரிந்தாள், கையில் ஹெல்மெட்டோடு. படம் எடுத்த பிறகு இறந்துபோன என் மனைவி.

"அம்மா மட்டும் எப்படிம்மா இவ்ளோ தெளிவா?" என்று மகளிடம் கேட்டேன்.

"அசையாம நிக்கிறவங்கதான் இதுல தெரிவாங்கப்பா."

படம் எடுத்த அன்று மனைவியை ஏற்றிப்போக மோட்டார் சைக்கிளில் வருவதாகச் சொல்லியிருந்தேன். வேலை முடிந்தும் சூப்பர்வைசர் இருக்கச் சொன்னார். மனைவி காத்திருக்கிறாள் என்று சொல்லக் கூச்சப்பட்டு இருந்துவிட்டேன். அவள் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். அங்கே சொன்ன இடத்தில் நிற்காதவர்களை வேலைக்கு ஏற்றிப்போகும் லாரி விட்டுவிட்டுப் போய்விடும். அந்தப் பழக்கத்தில் நிழலுக்குக்கூட ஒதுங்காமல் நின்றிருக்கிறாள்.

"ரொம்ப நேரமாச்சா?" என்று அன்று வந்து சேர்ந்ததும் கேட்டேன்.

"இப்பதான் வந்தேன் லா, போலாம்," என்று சிரித்தாள். நானும் நம்பினேன்.

மகளிடம் படத்தை மறுபடி மெதுவாக ஓட்டச் சொன்னேன்.

"மெதுவா போட்டாலும் கம்பத்து நிழல் அவ்ளோ தூரம் போகத்தான்ப்பா செய்யும்," என்றாள் மகள்.

கடைசியில் ஒரு கோடு வந்தது, அசையாமல் நின்றவள் மறைந்தாள். அந்தக் கோடு நான்.

எழுதியது: தைப்பூசத்துக்கு மறுநாள், ஈப்போ.