மரம் மாதிரி ஒரு தரை

முதலில் ஒரு மன்னிப்பு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சம். வாரா வாரம் ஏதோ அடுப்படிச் சங்கதி எழுதுகிறேன், நீங்களும் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரம் வீட்டுக்குத் தரை போடுவதைப் பற்றி எழுதத் துணிந்துவிட்டேன். இன்ஜினீயர்கள் யாராவது படித்தால், சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

தலத்தெருவில் எங்களுக்குப் பக்கத்து வீடு ஜமீலாவுடையது. பழைய மாடி வீடு. மாடி அறைக்குத் தேக்குப் பலகையில் தரை. அங்கங்கே பிளந்து, நடந்தால் காலில் சிராய் ஏறுகிறது. ஆசாரியைக் கூப்பிட்டுப் புதுப் பலகை போட ஜமீலா பேசிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் துபாயிலிருந்து அந்தச் சுருள் வந்து இறங்கியது.

பிளாஸ்டிக் விரிப்பு. மேலே மர அச்சு. அவள் கணவர் அலாவுதீன் அங்கே ஒரு கடையில் பார்த்து வாங்கி, ஊருக்கு வந்த சிநேகிதரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். அடுத்த வாரம் அவரே லீவில் வருகிறார்.

கொஞ்சம் விரித்துப் பார்த்தோம். தடவிப் பார்த்தேன். மோந்துகூடப் பார்த்தேன். ரேகை இருக்கிறது, கணு இருக்கிறது... அட, ஒரே கணு! ஒரு முழத்துக்கு ஒரு தரம் அதே கணு, அதே சாய்வில். இதை எப்படி அச்சடிப்பார்கள்? சேலைக்குப் பூப் போடுகிற மாதிரியா? யாரைக் கேட்பது?

"எதைக்கா போடுறது?" என்றாள் ஜமீலா.

"உனக்கு எது புடிச்சிருக்கு?"

"பலகைதான். ஆனா மச்சான் மூணு வருசம் கழிச்சி வர்றாங்க. ஆசையா அனுப்புனத சுருட்டி வச்சிருந்தா மனசு என்ன பாடுபடும்? போன தடவ அவங்க வாங்கியாந்த சேலைய கட்டலன்னு ரெண்டு நாளு பேசல."

"அப்ப இதையே விரிச்சிடு."

"விரிச்சிட்டா அப்புறம் பலகை எங்க போடுறது? காலம் பூரா நானும் புள்ளைங்களும் இதுலதான் கெடக்கணும். ஒண்ணு சொல்லுங்கக்கா."

என்ன சொல்வது? புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம். நான் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவங்களப் போயி கேட்டேன் பாரு" என்று சிரித்தாள். கடைசியில் பிளாஸ்டிக்கையே விரித்தாள். ஓரத்துக்குப் பசை மட்டும் போடவில்லை – கெட்டிக்காரி.

அலாவுதீன் வந்தார். மாடியைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். தெருவில் பாதிப் பேரைக் கூட்டிப்போய்க் காட்டினார். என்னையும்தான்.

"எப்படிக்கா இருக்கு? மரமில்லன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது தம்பி" என்றேன். ஜமீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டு, வெறுந்தரையில் படுத்திருக்கிறார் – நம் ஊரில் எல்லாரும் படுக்கிற மாதிரி. கரண்ட் போய்விட்டது. காற்றும் இல்லை. நான் கீழே ஜமீலாவோடு பேசிக்கொண்டிருந்தேன். மாடியில் சர்ரென்று எதையோ பிய்த்தெடுக்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம்.

துண்டைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்ன மச்சான்?"

"ஒட்டிக்கிச்சி."

"எது?"

"தரைதான். முதுகுத் தோலே வந்துடும் போல இருக்கு."

"கடையில பாத்துத்தானே வாங்குனீங்க?"

"கடையில ஏசி புள்ள. நான் ஷூ வேற போட்டுருந்தேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை.

"உனக்கும் புடிக்கலையா?" என்று ஜமீலாவைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா ரெண்டு நாளு பேச மாட்டீங்க. இருக்கப் போறதே ரெண்டு மாசம்."

அவர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

வரும்போது யோசனை. கடையில் தரையை நின்றபடி பார்க்கிறோம். வீட்டுக்கு வந்தால் அதில் உட்கார்ந்து காய் நறுக்குகிறோம், பிள்ளையைத் தூங்க வைக்கிறோம், நாமும் புரள்கிறோம். அப்படியானால் கடையிலேயே கொஞ்சம் படுத்துப் பார்த்தால் என்ன? விடுவார்களா? கேட்கத்தான் எனக்குக் கூச்சம்.

மறுநாள் காலை ஆசாரி வந்து பலகைக்கு அளவெடுத்தார்.