தூரத்துக் கிளையில் தங்கிய பெயர்கள்

எங்கள் பெரியம்மாவின் இரண்டாவது மருமகனுக்கு உறவுக்குள் 'நகல் மாப்பிள்ளை' என்றுதான் பெயர். சரக்கு லாரி கம்பெனி ஒன்றின் தலைமை அலுவலகத்தில் இருந்துகொண்டு, அதையும் சேர்த்து நான்கு கிளைகளின் சர்வர் கணினிகளையும் பார்த்துக்கொண்டவர். வேலையாட்களின் பெயரும் கடவுச்சொல்லும் நான்கிலும் ஒன்றுபோல இருக்கவேண்டும். ஒன்றில் ஒரு பெயரைச் சேர்த்தால் மற்றவை தாமாகவே பார்த்து எழுதிக்கொள்ளும். அழித்தாலும் அப்படித்தான், நல்லது கெட்டது பார்க்காது.

அவர் மனைவி, அதாவது எங்கள் தங்கை, தூரத்துக் கிளையில் தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தாள். அந்தக் காலத்தில் அங்கே போகும் இணைப்பு ஆமை வேகம். "மத்த மூணும் சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் அங்க தட்டே வரும்" என்று மாப்பிள்ளை சிரிப்பார்.

ஒரு நாள் ஊருக்குக் கிளம்பிய மச்சானை, அதாவது தங்கையின் கூடப்பிறந்தவனை, ரயிலேற்றிவிட மறந்துவிட்டார். தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அந்த நினைப்பிலேயே இருந்தவர், ஓய்வுபெற்ற ஒருவரின் பெயரை நீக்கப்போய், கிடங்குக்காரர்கள் அத்தனை பேரையும் நீக்கிவிட்டார். பக்கத்துக் கிளைகள் இரண்டும் உடனே அப்படியே செய்தன. கிடங்கில் எவராலும் கணினியைத் திறக்க முடியவில்லை, லாரிகள் நின்றுவிட்டன. தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொண்டது புரிந்தது. ஆமை வேக இணைப்பால் அழிப்பு இன்னும் போய்ச் சேராத மிச்சம் தூரத்துக் கிளைதான். உடனே அங்கே போன் போட்டார்.

"சொல்லுங்க சார்" என்றாள் தங்கை, குரல் தெரிந்தும்.

"நான் உனக்கு சாரா? விளையாடாதம்மா. சர்வர் ரூமுக்கு ஓடு. பெரிய பெட்டிக்குப் பின்னாடி நீல வயருதான் இணைப்பு, பிடுங்கிடு. என் வேலையே போயிடும்!"

"மெஷின்கிட்ட ஒரு தடவை சொன்னா நாலும் கேக்குது. பெண்டாட்டி நாலு தடவை சொன்னது உங்க ஒரு காதுல ஏறல."

"தப்புதான் தாயே, காலைப் பிடிக்கிறேன். நீ முதல்ல வயரைப் பிடி!"

ரிசீவரை மேசையில் போட்ட சத்தம். செருப்புச் சத்தம். பிறகு மூச்சிரைப்பு.

"பிடுங்கியாச்சு. வந்து தொலைங்க."

ஆட்டோ பிடித்து ஓடினார். பெயர்கள் அங்கே பத்திரமாக இருந்தன. 'இதுதான் சரி, மற்றவை இதைப் பார்த்து எழுதட்டும்' என்று சர்வருக்குக் கட்டளை கொடுத்துவிட்டு வயரைச் செருகினார். தலைமை அலுவலகத்துக் கணக்கர் போனில் கத்தினார்: "வருதுப்பா, ஒவ்வொண்ணா வருது!" அவர் பெயர்களைப் படிக்கப் படிக்க, தங்கையும் மாப்பிள்ளையும் ஒரே ரிசீவரில் காது வைத்துக் கேட்டார்கள்.

அந்தப் பெயர்க்காரர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. முதலில் வந்தது எடைபோடுபவர் பெயர் என்பார் மாப்பிள்ளை. இல்லை, காவலாளி பெயர் என்பாள் தங்கை. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.