வீட்டுக்காரி

இங்கிலாந்தில் மீன் பொரித்தால் வீடு அலறும். எண்ணெய் சற்றுப் புகைந்தாலே கூரையில் ஒட்டியிருக்கும் வெள்ளை வட்டப் புகை அலாரம் கத்தத் தொடங்கும். அது ஓய்வதற்குள் கீழ்த்தளத்து வீட்டுக்காரி கதவைத் தட்டுவார். லெஸ்டரில் நாங்கள் முதலில் இருந்த அறை அப்படி. யன்னல் பாதிதான் திறக்கும். முதியோர் இல்லமொன்றில் வேலை கிடைத்து வந்தவள் நான். என் விசாவோடு வந்தவர் கணவர் ரியாஸ். கடைசியில் வீட்டுக்காரி “ஸ்மெல், ஸ்மெல்” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு, மாத முடிவில் அறையை விடச் சொன்னார்.

வீடு காட்ட வந்த ஏஜென்ட் இளைஞன். சமைக்க வெளிச்சமான குசினி, பின்னால் சின்னத் தோட்டம்; எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அவன் கேள்விகளெல்லாம் ரியாஸிடமே போயின. சொந்த வீடு இருக்கிறதா என்றான்.

“எனக்கு இல்லை. ஊரில் உள்ள வீடு இவருடையது. நான் இவர் வீட்டில்தான் இருக்கிறேன்” என்று என்னைக் காட்டினார் ரியாஸ்.

ஏஜென்ட் குழம்பிப்போய் என்னைப் பார்த்தான். “அப்படியானால் நீங்கள் இவருடைய லான்ட்லேடியா? மனைவி இல்லையா?”

“இரண்டும்தான்” என்றேன்.

அவனுக்கு எப்படி விளங்கும்? இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் ஊரான சாய்ந்தமருதில் வீடு பெண்ணுக்கு. கடல் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன பிறகு, வாப்பா அதே வளவில் மறுபடி கட்டி, என் கல்யாணத்துக்கு முன் வீட்டு உறுதிப் பத்திரத்தை என் பேரில் எழுதினார். அந்த வழக்கம் அவருடைய வயலைத் தின்றது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் ரியாஸ் அக்கரைப்பற்றிலிருந்து உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்ந்தது என் வீட்டுக்கு. அங்கே என்ன சமைக்கலாம் என்று எவரிடமும் நான் கேட்டதில்லை.

ஒப்பந்தத்தில் ரியாஸின் பெயர் மேலே, என் பெயர் கீழே. அதற்கும் கீழே ஒரு வரி: பொரிக்கக் கூடாது, மணக்கும் சமையல் கூடாது. பேனையை வைத்துவிட்டேன்.

“நல்ல ஊடு புள்ள. மாசம் முடியப்போகுது. பேசாம சைன வைப்பம்” என்றார் ரியாஸ்.

“பேசாம இருக்கவா இவ்வளவு தூரம் வந்த? விசா என்ட, உழைப்பு என்ட. என்ட பேர்தான் மேல வரணும். மீனும் பொரிப்பன்.”

“ஓம், பொரி. எங்க வெச்சிப் பொரிப்பா?”

பெயரை மாற்ற ஏஜென்ட் சம்மதித்தான். அந்த வரியை எடுக்க உரிமையாளர் சம்மதிக்கவில்லை. நாங்கள் எழும்பி வந்துவிட்டோம். மாதம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று ரியாஸ் வழி முழுக்க எண்ணிக்கொண்டு வந்தார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

வேலை முடிந்து வந்து தினமும் தேடினோம். மாதம் முடியும் தறுவாயில், பூட்டிக் கிடந்த செருப்பு, சப்பாத்துக் கடையொன்றின் மேல்மாடி கிடைத்தது. சுவரில் ஈரம், ஒடுங்கிய படி. உரிமையாளர் போலந்திலிருந்து வந்து குடியேறிய அம்மா. யார் உழைக்கிறது என்று கேட்டார். நான் என்றதும் என் பெயரை முதலில் எழுதினார். மீன் பொரிக்கலாமா என்று கேட்டேன். விருந்துக்கு அழைப்பதாக நினைத்துவிட்டார் போல. “சனிக்கிழமை வருகிறேன்” என்றார் மலர்ந்த முகத்தோடு. வந்தார், இரண்டாவது துண்டையும் கேட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை மழை. குசினிக் கூரை ஒழுகியது. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து என் அக்கா, ராத்தா, வீடியோவில் வந்தார். கடற்காற்றில் என் வீட்டு ஓடுகள் சரிந்து, மேசன் மேலே ஏறி நிற்கிறார்.

“அது இல்ல ராத்தா, மத்தப் பக்கம்! மத்தப் பக்க ஓட்ட மாத்தச் சொல்லுங்க!”

தெருவுக்கே கேட்கக் கத்திக்கொண்டு, இங்கே சொட்டும் இடத்துக்கு வாளியைக் காலால் தள்ளினேன்.