பை போட்ட சீட்டு

பழைய சாமான் விற்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். விலையைச் சொல்லாமல் "நீங்களே சொல்லுங்க" என்பார்கள். சொன்னால், சொத்தை எழுதித் தரச் சொன்னதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பின்னாலேயே வந்து மிக்ஸியின் வரலாறு சொல்வார்கள். இத்தனையையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நானே செய்தேன்.

ஒரகடத்து வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தோம். புது வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் சொல்லியாகிவிட்டது. பழையதைக் கட்டில், மிக்ஸியோடு வாசலில் வைத்து, படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டிருந்தேன்.

மத்தியானம் வந்தவள் எங்கள் கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண். பிள்ளை பெற்று லீவில் இருந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே கை வைத்துப் பார்த்தாள்.

"நாளைக்கு டூட்டில சேர்றேன்க்கா. தாய்ப்பாலை எடுத்து இதுல வெச்சிட்டா, எங்க மாமியார் கொழந்தைக்குக் குடுத்துரும்."

அவள் கேட்ட விலை நியாயமானதுதான். ஆனால் அவளுக்கு அது கட்டாயம் வேண்டும் என்று தெரிந்ததும் எனக்குப் புத்தி கெட்டுப்போனது.

"இன்னொருத்தர் அட்வான்ஸே குடுத்துட்டாரும்மா. நீ கொஞ்சம் ஏத்திக் குடுத்தா அவர்கிட்ட பேசிப் பாக்குறேன்."

அப்படி யாரும் இல்லை. எல்லோரும் விடுகிற புளுகுதான். கேட்பவர்கள் முறைத்துவிட்டுக் கொஞ்சம் ஏற்றிக் கொடுப்பார்கள். இவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. ஒருத்தர் பை போட்ட சீட்டுல நான் உக்காரலாமா?"

எங்கள் பஸ்ஸில் அதுதான் சட்டம். சீட்டில் ஒரு சாப்பாட்டுப் பை கிடந்தால் போதும், கம்பெனி இருக்கிற இருங்காட்டுக்கோட்டை வரை நின்றுகொண்டே வந்தாலும் வருவோமே தவிர, அதைத் தொடமாட்டோம்.

ஃப்ரிட்ஜ் கதவை மெதுவாக மூடிவிட்டுப் போனாள். எப்படியும் திரும்பி வருவாள் என்று காத்திருந்தேன். கட்டில் போனது, மிக்ஸி போனது. அவள் வரவில்லை.

"ரெண்டு தெரு தள்ளித்தானே கீறா. போய் கூட்டினு வா" என்றார் என் வீட்டுக்காரர்.

"இன்னான்னு சொல்லி கூப்புடறது?"

"பொய் சொன்னேன்னு சொல்லு" என்று சிரித்தார்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குக் கிடைத்தது, இறங்கத்தான் இல்லை.

அந்த ஆள் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார் என்று சொல்லிவிடலாம். அதையே முணுமுணுத்துக்கொண்டு காலையில் பஸ் ஏறினேன். நிற்கக்கூட இடமில்லை. மூன்றாவது வரிசையில் அவள் இருந்தாள். பக்கத்துச் சீட்டில் அவளுடைய சாப்பாட்டுப் பை. என்னைக் கண்டதும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத்தான்க்கா போட்டு வெச்சேன்."

"கொழந்தைக்குப் பாலு?" என்று கேட்டேன்.

"பவுடர்தான். நேத்து குடுத்துப் பாத்தோம், துப்பிட்டான். பசிச்சா குடிப்பான்." பிறகு கேட்டாள்: "அவங்க வந்து ஃப்ரிட்ஜை எடுத்துக்கினாங்களாக்கா?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. வாயைத் திறந்தேன். எனக்கென்று இடம் பிடித்து வைத்திருந்தவள் முகத்தைப் பார்த்ததும், நேற்றைய புளுகைக் கண்டுபிடித்துவிடுவாளோ என்ற வெட்கம் முந்திக்கொண்டது.

"எடுத்துக்கினாங்க" என்றேன்.

"நல்லதுக்கா" என்றாள்.

அந்த நேரம் ஃப்ரிட்ஜ் என் வீட்டில்தான் நின்றுகொண்டிருந்தது, நாற்றம் பிடிக்காமல் இருக்கக் கதவிடுக்கில் ஒரு பழைய செருப்பைச் செருகியபடி. நான் அவள் பிடித்து வைத்திருந்த சீட்டில் உட்கார்ந்தேன்.