தேங்காய்போல எறிந்த தோடம்பழம்

என் குறிப்பேட்டில், பெப்ரவரி முதல் திங்கட்கிழமைக்கு நேரே, பேத்தியின் ஆசிரியை அனுப்பிய கடிதத்தின் சாரம் இருக்கிறது: "செப்ரெம்பரிலிருந்து வகுப்பில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தலையாட்டுகிறாள், சிரிக்கிறாள். மார்ச் முடிவதற்குள் மாற்றம் இல்லாவிட்டால் வேறு வகுப்பைப் பற்றி யோசிக்க வேண்டும்." அதன் கீழே நான் எழுதியது: "இன்று காலை ஆறே முக்காலிலிருந்து எட்டுவரை இடைவிடாமல் கதைத்தாள். விடயம்: பனிமனிதனுக்கு ஏன் முழங்கால் இல்லை."

பேத்திக்கு ஐந்து வயது. பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் மகளும் அவளும் நானும் இருக்கிறோம். மகள் விடியவே வேலைக்குப் போய்விடுவதால் பாலர் வகுப்புக்குக் கூட்டிப் போவதும் கூட்டி வருவதும் என் பொறுப்பு. வீட்டில் அருவிபோலக் கொட்டுகிற பிள்ளை, பாடசாலைப் படலையைத் தாண்டியதும் வாயை மூடிக்கொள்ளும். பிரெஞ்சு தெரியாமல் இல்லை; தொலைக்காட்சியோடு பிரெஞ்சில் சண்டை பிடிப்பாள். வெளி ஆள் முன்னால்தான் வராது.

படலையில் என்னோடு காத்து நிற்பவர் ஒரு சீனத்து முதியவர். ஹொங்கொங் பக்கத்துக் கிராமம் அவருக்கு. பாதி பிரெஞ்சிலும் பாதி கையாலும் கதைப்போம். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, தங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொன்னார். ஆசையைத் தாளில் எழுதி, நூலால் ஒரு தோடம்பழத்தில், அதாவது ஆரஞ்சுப் பழத்தில், கட்டி, பெரிய மரத்தை நோக்கி எறிவார்களாம். கிளையில் தொங்கினால் நிறைவேறும். விழுந்தால் ஆசை பெரிதென்று பொருள். குறைத்துக்கொண்டு மறுபடி எறிய வேண்டும். சீனப் புத்தாண்டுக்காக வரும் ஞாயிறு இங்கேயும் ஒரு மண்டபத்தில் செய்கிறார்கள், வாருங்கள் என்றார். நூலகத்தில் இரண்டு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். பழத்தைப் பற்றி இரண்டும் ஒத்துப்போகவில்லை. போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

ஞாயிறு, காலை பத்தே கால். வெளியே சைபருக்குக் கீழே பதினெட்டு. மண்டபத்தின் நடுவில் கம்பியாலும் கடதாசி மட்டையாலும் செய்த மரம். பழங்கள் பிளாஸ்டிக். சிவப்புத் தாள் தந்தார்கள். நான் தமிழில் எழுதினேன்: பேத்தியின் முழுப்பெயர், நட்சத்திரம், பாடசாலைத் தெரு, வகுப்பு, மார்ச் முடிவதற்குள் அங்கே வாய் திறக்க வேண்டும் என்ற விண்ணப்பம், கடைசியில் அன்றைய திகதி.

முதியவர் எட்டிப் பார்த்தார். "அரசாங்கத்துக்கா எழுதுகிறீர்கள்?"

கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கொடுத்துப் பழகியவன் நான். விவரம் குறைந்தால் வரம் வேறு பிள்ளைக்குப் போய்விடாதா?

பேத்திக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "அம்மப்பா, என்ன எழுதினீங்கள்?"

"சொல்லக்கூடாதாம், குஞ்சு."

"எனக்குச் சைக்கிளோ?"

"பேந்து பாப்பம்."

வரிசை நீளம் என்பதால் ஒருவருக்கு மூன்று எறிதான். எங்கள் முறை வந்ததும், சிவப்புச் சட்டை போட்ட தொண்டர் பெண், பலமாக எறியுங்கள் என்றாள். நேர்த்தி வைத்துப் பலமாக எறிவதென்றால் என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். பழத்தைப் பேத்தியின் தலையை மூன்று முறை சுற்றி, ஓங்கி நிலத்தில் அடித்தேன். தேங்காய் என்றால் சிதறியிருக்கும். பிளாஸ்டிக் துள்ளி எழும்பி, சிங்க ஆட்ட உடுப்பை இடுப்புவரை மாட்டிக்கொண்டு நின்றவரின் முழங்காலில் பட்டு, ஒரு கதிரைக்கு அடியில் உருண்டது. மண்டபமே சிரித்தது. பேத்தி தவழ்ந்து போய் எடுத்து வந்தாள்.

"ஏன் நிலத்திலை அடிச்சனீங்கள்? மரம் மேலையெல்லோ நிக்குது!"

இரண்டாவது எறி மரத்தைத் தாண்டிப் போயிற்று. மூன்றாவது கிளையில் பட்டு விழுந்தது.

"ஆசை பெரிது. குறையுங்கள்" என்றார் முதியவர்.

"இதில் குறைக்க ஒன்றுமில்லை" என்றேன். நம்பிக்கை இல்லாதவன்போல வந்தாலும், விழுந்தபோதுதான் எவ்வளவு நம்பியிருந்தேன் என்று தெரிந்தது.

தொண்டர் பெண் பழத்தை எடுத்து அடுத்தவரிடம் கொடுக்கப் போனாள். அப்போது பேத்தி அவளுடைய சட்டை நுனியைப் பிடித்தாள்.

"நோன்! முதலாவது கணக்கில்லை" என்றாள், பிரெஞ்சில், மண்டபத்துக்கே கேட்க. "அது தேங்காய்க்கு எறிஞ்சது."

"என்ன தேங்காய்?"

துறைமுகக் கிடங்கில் நெடுங்காலம் வேலை செய்ததால் பிரெஞ்சு எனக்கு விளங்கும். கோயில் வாசலில் தேங்காய் அடிப்பது, சில்லு பறப்பது, ஒருமுறை ஒரு மாமாவின் மூக்குக்கண்ணாடியில் பட்டது, அம்மப்பாவுக்கு வேறு மாதிரி எறியத் தெரியாதது எல்லாவற்றையும் அந்நியப் பெண்ணின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். நான் அசையவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதியவர் என் முழங்கையில் இடித்தார். இடித்துக்கொண்டே இருந்தார்.

தொண்டர் பெண் சிரித்தபடி பழத்தைத் திருப்பித் தந்தாள். இனி எறிய என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வழக்கில் வென்றவள் விடவில்லை. "பின்னாலை போங்கோ, இன்னும் பின்னாலை, இப்ப எறியுங்கோ!" எறிந்தேன். ஆகத் தாழ்ந்த கிளையில், அவள் கைக்கே எட்டுகிற உயரத்தில், தொங்கியது.

செவ்வாய்க்கிழமை படலையில் ஆசிரியை என்னைத் தேடி வந்தார். தேங்காய்க் கதையை வகுப்பு முழுவதும் கேட்டுவிட்டதாம். வேறு வகுப்புப் பற்றிய பேச்சு இனி இல்லை என்றார். பிறகு போகிற போக்கில் ஒன்று சொன்னார்: இதற்கு முன்பே, சப்பாத்து மாற்றும் இடத்தில், பக்கத்துப் பிள்ளையின் காதில் அவள் ஏதோ குசுகுசுத்ததைக் கண்டாராம். என்றைக்கு என்று கேட்டேன். வெள்ளிக்கிழமையாக இருக்கும் என்றார். என் குறிப்பேட்டின்படி அந்த வெள்ளிக்கிழமை பனிப்புயலால் பாடசாலை பூட்டு. வியாழனும் அவள் காய்ச்சலோடு வீட்டில். அப்படியானால் புதன்கிழமையா, அல்லது மரத்துக்கு மறுநாள் திங்களா?

மறுபடி ஆசிரியையிடம் கேட்கப் போன என்னை மகள் மறித்தாள். "அப்பா, பிள்ளை கதைக்குது. அது காணாதே உங்களுக்கு?"

காணும், போதும்தான். ஆனாலும் பேத்தியிடம் கேட்டேன். "மறந்துபோனன், அம்மப்பா" என்றுவிட்டு வேறு கதை தொடங்கினாள். ஆகவே அவள் முதலில் வாய் திறந்தது வகுப்பிலா, மரத்தடியிலா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.