உப்பு போடாத சாலட்

என் மகளின் முகம் வீங்கியதை நாங்கள் எல்லோரும் கொண்டாடினோம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து அவள் வீட்டில் இருந்த நேரம். கன்னம் உப்பி, இமை தடித்திருந்தது. அதியமான்கோட்டையில் எங்கள் தெருவில் பார்த்தவர்களெல்லாம், இப்போதுதான் பெண் சதை பிடித்து லட்சணமாக இருக்கிறாள் என்றார்கள். எனக்குப் பெருமை. கண் பட்டுவிடுமே என்று பயமும்கூட. கல்லுப்பையும் வரமிளகாயையும் கையில் பொத்தி, அவளை வாசலில் நிறுத்தி மூன்று முறை சுற்றி, நெருப்பில் போட்டேன். நான் வேதியியலில் பட்டம் வாங்கியவள். மூன்று வாரம் அந்த வீக்கத்துக்குத் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தேன்.

செருப்பு வார் அவள் பாதத்தில் அழுந்திய தடம் வெகுநேரம் மறையாததைப் பார்த்த பிறகுதான் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். சிறுநீரில் புரதம் போகிறது என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக்கொடுத்தார். உப்பைக் கண்ணில் காட்டாதீர்கள் என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் அவள் இமையையே பார்த்துக்கொண்டு வந்தேன். இன்றும் காலையில் அவள் எழுந்து வந்ததும் முதலில் இமையைத்தான் பார்க்கிறேன்.

அந்த மாத்திரை பசியைக் கிளப்பிவிடும். உப்பில்லாத சாப்பாடோ தொண்டையில் இறங்காது. பசியோடு உட்கார்ந்து, நாலு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுவாள். ஒருநாள் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் நின்று விரலை நக்கிக்கொண்டிருந்தாள். நான் திட்டவில்லை. "வாய்க்கு ஏதாச்சும் சுருக்குனு வேணும்மா" என்றாள். ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து வீடு முழுவதற்கும் உப்பில்லாத ஒரே சமையல். என் வீட்டுக்காரர் முதல் வாரம் சாயங்காலமானால் நெடுஞ்சாலைப் பக்கம் போய் போண்டா தின்றுவிட்டு வந்தார். தெரிந்தும் கேட்கவில்லை.

எலுமிச்சை, புதினா, கொத்தமல்லி போடலாமா என்று ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் கேட்டேன். இவளுக்குப் போடலாம் என்றாள். எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அடித்தேன். விதையும் சேர்ந்து அரைபட்டுக் கசந்தது, புதினா கறுத்தது. மகள் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் போனாள். அடுத்த நாள் கத்தியால் நறுக்கினேன். கொத்தமல்லியைத் தண்டோடு, புதினாவை இலை மட்டும். எலுமிச்சைத் தோலின் மஞ்சளை மட்டும் லேசாகத் துருவினேன். வெள்ளை வந்தால் கசக்கும். இரண்டு எலுமிச்சை, அரை சாத்துக்குடி பிழிந்து, இஞ்சியும் ஒரு பச்சை மிளகாயும் நசுக்கிப் போட்டு, செக்குக் கடலை எண்ணெய் விட்டு, பழைய ஜாம் பாட்டிலில் மூடிக் குலுக்கினேன். எண்ணெயும் சாறும் பிரியாமல் பச்சையாகத் திரண்டு நின்றன. வெள்ளரிக்காய், தக்காளி, முளைகட்டின பயறு மேல் ஊற்றினேன். அன்று தட்டு காலியானது.

போன ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மகளைப் பார்க்க வந்தார். தோட்டத்து வெள்ளரிப் பிஞ்சு ஒரு பை கொண்டுவந்திருந்தார். நான் பாட்டிலைக் குலுக்குவதைப் பார்த்து, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்றார். "ஆடு நல்லாத்தான இருக்குது அத்தை" என்று மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பினால், நாத்தனார் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மகளின் தட்டில் தூவிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்தே உப்பு மடித்து எடுத்து வந்திருக்கிறார். மகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் கை தட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நான் தட்டைப் பிடுங்கினேன்.

"செத்தவங்களுக்கு வெக்கிற படையல்லதான் உப்பு போட மாட்டாங்க. உசுரோட இருக்கிற புள்ளைக்கு இப்படிப் போடலாமா?" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "நான் என்ன வெசமா போட்டேன்?"

"ஆமாங்க அண்ணி. இவளுக்கு இது வெசந்தான்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் நான் எதிர்த்துப் பேசியதில்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார், பிறகு தன் தட்டைப் பார்த்தார். நான் அந்தச் சாலட்டைக் குப்பையில் கொட்டிவிட்டு மறுபடி வெள்ளரிக்காய் நறுக்க உட்கார்ந்தேன். துண்டுகள் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக விழுந்தன. எல்லோரும் காத்திருந்தார்கள். மகள் சாப்பிட்டாள். பாதியில், மிளகாய் இன்னொன்று நசுக்கிப் போடச் சொன்னாள். போட்டேன்.

நாத்தனார் கிளம்பும்போது, அடுத்த மாதம் பேத்திக்குக் காது குத்துவதை ஞாபகப்படுத்தினார். "அங்கயும் பாட்டிலைத் தூக்கிக்கிட்டுத்தான் வருவியா? சனம் என்ன பேசும்?"

"பேசட்டுங்க. வருவோங்க" என்றேன்.

எங்கள் பக்கத்துப் பந்தியில் இலை போட்டதும் முதலில் உப்பு வைப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் பரிமாறுகிறவர் ஒரு நொடி நின்று முகத்தைப் பார்ப்பார். மகள் வெட்கப்படுவாள், தெரியும். நான் அவள் பக்கத்து இலையில்தான் உட்காரப்போகிறேன். உப்புக் கிண்ணம் எங்கள் வரிசைக்கு வரும்போது முதலில் என் இலையை மறைப்பேன், பிறகு அவளுடையதை.